திற்பரப்பு சரல் மண்: அல்ஃபிசாலா, அல்டிசாலா?

ரப்பர்விளை எழுதியது:

வணக்கம். மண்ணியலில் முதுநிலை படிக்கிறேன். திற்பரப்புக்கு மேலே எங்கள் குடும்பத்து ரப்பர் விளையில் ஒரு மண்கண்டக் குழி வெட்டி, அந்த மண்ணை அமெரிக்க மண் வகைப்பாட்டில் (Soil Taxonomy) பெயர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் ஆய்வு. சரிவு நடுத்தரம். அடியில் கோண்டலைட் பாறை; குழியின் ஆழம் வரை அது தட்டுப்படவில்லை. ஆய்வக முடிவுகள் வந்துவிட்டன (நிறம் மன்செல் வண்ண அட்டைக் குறியீடு; பரிமாற்றத் திறன் என்பது மண் பிடித்து வைக்கும் நேரயனிகளின் அளவு; காரச் செறிவு என்பது அதில் கால்சியம் போன்ற காரங்களின் விழுக்காடு; கீழ் அடுக்குகளின் எண்களும் முதல் வரியின் வரிசையிலேயே):

0–18 செ.மீ.: நிறம் 5 ஒய்ஆர் 3/3, களி 24 விழுக்காடு, சரல் (பரல் கல்) பருமனில் 20 விழுக்காடு, கார அமில நிலை (pH) 5.2, பரிமாற்றத் திறன் 8.2, காரச் செறிவு 48, கரிமம் 3.1
18–45: 2.5 ஒய்ஆர் 4/6, களி 36, சரல் 40, 5.0, 5.4, 41, 1.4
45–95: களி 42, சரல் 40, 4.9, 6.0, 33, 0.9
95–150: களி 39, சரல் 50, 4.9, 5.7, 29, 0.5

களி உயரும் 18 செ.மீ.இலிருந்து களிப்படலம் நன்றாகத் தெரிகிறது. காரச் செறிவு அந்த அடுக்கில் 41, எல்லை 35, ஆகவே காரம் குறைந்த அல்டிசால் அல்ல, காரம் மிகுந்த அல்ஃபிசால் என்று எழுது என்கிறார் வழிகாட்டி. இவ்வளவு அமிலமான மண்ணை அப்படி எழுத மனம் வரவில்லை.

இரண்டாவது சந்தேகம் மழை. கன்னியாகுமரி, பேச்சிப்பாறை இரண்டு மழைமானிகளின் மாதக் கணக்கையும் கூட்டிச் சராசரி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மண்ணின் ஈர நிலை உஸ்டிக்கா (ஆண்டில் 90 நாளாவது உலர்வது), யூடிக்கா (அவ்வளவு உலராதது)?

தோவாளைக் காற்று எழுதியது:

மண்ணைப் பற்றி அறிந்தவர்கள் வருவார்கள், நான் மழையோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தச் சராசரியை முதலில் கிழித்துப் போடுங்கள். கன்னியாகுமரி முனைக்கும் பேச்சிப்பாறை மலையடிவாரத்துக்கும் நடுவில் சராசரி எடுத்தால் கிடைப்பது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத மழை. முப்பந்தலில் காற்றாலை சுழலும் அதே நாளில் குலசேகரத்தில் குடை பிடித்துப் பால் வெட்டுக்குப் போகிறார்கள்.

மாவட்டச் சராசரி தென்மேற்குப் பருவத்தில் 537 மி.மீ., வடகிழக்கில் 549; ஜனவரி முதல் மார்ச் வரைதான் மிகக் குறைவு. இரண்டு பருவமும் இங்கே ஏறத்தாழச் சரிபாதியாகப் பங்கு போடுகின்றன. உங்கள் குழிக்குப் பேச்சிப்பாறைதான் அருகில். மலையடிவாரத்தில் மொத்த மழை கூடுதலாக இருக்கும், ஆனால் அங்கேயும் அந்த மூன்று மாதங்கள் வறண்டவைதான். ஜனவரி முதல் மார்ச் வரை எண்ணிப் பாருங்கள்: 90 நாட்கள். ஆகவே உஸ்டிக் என்பது என் ஊகம்.

பழைய ஆகர் எழுதியது:

மகளே, குழி ஒழுங்காக வெட்டியிருக்கிறாய். சரலைப் பருமனில் மதிப்பிட்டு எழுதியிருக்கிறாயே, அதற்கே பாதி மதிப்பெண் தருவேன். ஆய்வகத்தில் 2 மி.மீ. சல்லடையைத் தாண்டாத சரல் குப்பைக்குப் போய்விடும். பிறகு அறிக்கையை மட்டும் படிக்கிறவருக்கு அது சரலே இல்லாத நல்ல களிமண்ணாகத் தோன்றும்.

மண் அளவைப் பணியில் தலை நரைத்தவன் நான். இந்த மாவட்டத்தில் சிவப்பாகக் கண்டதையெல்லாம் செம்புரை (லேட்டரைட்) என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. முட்டத்துத் தேரி மணலும் சிவப்பு, தோவாளைச் செவ்வலும் சிவப்பு, உன் சரலும் சிவப்பு. மன்செல் அட்டை வண்ணத்தை மட்டும்தான் சொல்லும்.

இனி அந்த 41. உன் வழிகாட்டியிடம் பணிவாகச் சொல்: அது இரண்டு வகையிலும் பொருந்தாத எண். ஒன்று, ஆழம். அல்ஃபிசாலையும் அல்டிசாலையும் பிரிக்கும் இடம் களி அடுக்கின் தலைப்பு இல்லை. களி அடுக்கு தொடங்கும் இடத்திலிருந்து 125 செ.மீ. கீழே, அல்லது தரைமட்டத்திலிருந்து 180 செ.மீ., இரண்டில் எது மேலே இருக்கிறதோ அது. பாறை அதற்கு முன்பே வந்தால் பாறைக்குச் சற்று மேலே. உனக்கு 18 உடன் 125 சேர்ந்து 143. உன் குழி அதைத் தாண்டிவிட்டது, நல்ல வேளை. அங்கே உன் எண் 29. மேல்மண்ணில் இலைச் சருகும் உரமும் காரங்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால்தான் தீர்ப்பை ஆழத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, முறை. உன் ஆய்வகம் அம்மோனியம் அசிட்டேட்டை 7 என்ற நிலையில் வைத்து அளந்திருக்கும். இங்கே வழக்கம் அதுதான். 35 என்ற எல்லையோ 8.2 நிலையில் நேரயனிகளைக் கூட்டி அளக்கும் முறைக்கு உரியது. 8.2இல் பரிமாற்றத் திறன் பெரிதாகும், காரங்களின் அளவு மாறாது, ஆகவே விழுக்காடு இறங்கும். 7இலேயே 29 என்றால் 8.2இல் அதைவிடக் குறையும். புதிய சோதனை செய்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை. அல்டிசால்.

அடுத்து, பரிமாற்றத் திறனைக் களிக்கு மாற்றிப் போடு. 6.0 வகுத்தல் 42, பெருக்கல் 100: 14.3. மற்ற இரண்டு கீழ் அடுக்குகளும் 15.0, 14.6. எல்லை 16. மேலே 24இலிருந்து 36க்குக் களி ஏறுவது ஒன்றரை மடங்கு, தேவை 1.2 மடங்குதான். காண்டிக் அடுக்கு (சத்தைப் பிடிக்கும் திறன் குறைந்த களி சேர்ந்த அடுக்கு) கிடைத்துவிட்டது. பொட்டாசியம் குளோரைடில் அலுமினியத்தையும் அளந்துவிடு, காரங்களோடு அதைக் கூட்டி வருவது களிக்கு 12ஐத் தாண்டக் கூடாது. களி எண்ணை நம்பலாமா என்பதையும் பார்: இரும்பு ஒட்டிய களி, களியைப் பிரிக்க ஆய்வகத்தில் ஊற்றும் கால்கன் கரைசலில் முழுதாகப் பிரியாமல் மணலாக வேடம் போடும். 15 பார் அழுத்தத்தில் (செடி உறிஞ்ச முடியாத வறட்சி எல்லையில்) நிற்கும் ஈரத்திலிருந்து கரிமத்தைக் கழித்துக் களியால் வகுத்தால் 0.4 அருகில் வர வேண்டும்; 0.6 வந்தால் களியைக் குறைவாக அளந்திருக்கிறார்கள்.

சரலைப் பார்த்து பிளிந்தைட் என்று எழுதிவிடாதே. வெட்டும்போது மென்மையாக இருந்து, வெயிலில் காய்ந்தபின் இறுகித் திரும்ப இளகாததுதான் பிளிந்தைட். உன்னுடையது இறுகி வெகுகாலம் ஆன இரும்புச் சரல்.

உன் மழைக் கேள்விக்கு வருகிறேன். அது தேவைப்படாமலே போகலாம்! அல்டிசாலின் உள்வகைகளைச் சாவியில் (வகை கண்டறியும் பட்டியலில்) இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும்: அக்வல்ட் (நீர் தேங்குவது), ஹியூமல்ட் (கரிமம் மிகுந்தது), யூடல்ட் (யூடிக் ஈர நிலை), உஸ்டல்ட் (உஸ்டிக் ஈர நிலை), செரல்ட் (கோடையில் வறள்வது). காண்டிக் அடுக்கின் மேல் 15 செ.மீ.இல் அங்ககக் கரிமம் 0.9 விழுக்காடு இருந்தால் ஹியூமல்ட்டில் நின்றுவிடுவோம். ஈர நிலை கீழே துணைக்குழுவில் மட்டும் தலைகாட்டும். உன் எண் 1.4. ஆனால் ரப்பர் விளையிலும் அந்த ஆழத்துக்கு அது கொஞ்சம் கொழுப்பாகத் தெரிகிறது. அறிக்கையில் தலைப்பு என்ன போட்டிருக்கிறது? கரிமமா, அங்ககப் பொருளா?

அருமனை விவசாயி எழுதியது:

அண்ணாச்சி, எனக்கு மண்வள அட்டை கொடுத்தார்கள். அதில் தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டம் என்று 12 எண்கள் இருக்கின்றன. இந்தப் பெயரெல்லாம் அதில் இல்லை. ஹியூமல்ட்டோ உஸ்டல்ட்டோ, என் மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) அதனால் என்ன வந்தது?

பழைய ஆகர் எழுதியது:

தம்பி, அட்டைக்கு எடுத்தது மேலே 15 செ.மீ. மண். அது இந்த ஆண்டு உரத்துக்குச் சரி. காண்டிக் என்ற ஒரு சொல்லில் உனக்கு உள்ள செய்தி இது: களிக்குப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. ஜூன் மழைக்கு முன் பொட்டாஷ் முழுவதையும் ஒரே தடவையில் போட்டால் பாதி கோதையாற்றுக்குத்தான் உரம். பிரித்துப் போடு. மரச்சீனிக்குச் சுண்ணாம்பும் கொடு.

ரப்பர்விளை எழுதியது:

ஐயா, அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். தலைப்பு "அங்ககப் பொருள்". வாக்லி-பிளாக் முறையில் கரிமம் கண்டு 1.724ஆல் பெருக்கியிருக்கிறார்கள். திரும்ப வகுத்தால் 1.80, 0.81, 0.52, 0.29.

15 பார் ஈரம் 45–95 அடுக்கில் 18.9. கணக்கு 0.44 வருகிறது.

பழைய ஆகர் எழுதியது:

0.81. எல்லைக்குக் கீழே. இன்னொரு வழி இருக்கிறது, அதையும் போட்டுப் பார்த்துவிட்டே மூடுவோம்: தரையிலிருந்து 100 செ.மீ.க்குள் சதுர மீட்டருக்கு 12 கிலோ கரிமம். நுண்மண்ணின் அடர்த்தி 1.3 என்று வைத்துச் சரலைக் கழித்தால் 7.2 கிலோதான் வருகிறது. சரலைக் கழிக்க மறந்தாலும் 10.6. ஹியூமல்ட் இல்லை.

ஆகவே உன் மழைக் கேள்வி திரும்ப வந்து முன்னால் நிற்கிறது. தோவாளைத் தம்பியின் 90 நாள் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அது வானத்தின் நாட்கள். நாம் எண்ண வேண்டியது மண்ணின் நாட்களை. டிசம்பர் மழையைச் சேர்த்து வைத்துக்கொண்டு மண் ஜனவரிக்குள் நுழைகிறது; அது தீர்ந்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும். மறுபக்கம், உன் சரல். ஒரு மீட்டர் நுண்மண் 120 மி.மீ. பயன்படு நீர் பிடிக்கும் என்று வைத்தால், ஐந்தில் இரண்டு பங்கு சரலாக இருக்கும்போது 72தான். நாளுக்கு 4 மி.மீ. போனால் இரண்டரை வாரத்தில் கை காலி. உலர உலர இழப்பு மெதுவாகும் என்பதால் கொஞ்சம் நீளும். சரலில்லாத பக்கத்து விளை இதே மழையில் யூடிக்காக இருக்கலாம், உன்னுடையது உஸ்டிக்காக இருக்கலாம். வெப்பத்தில் சிக்கல் இல்லை. ஐசோஹைப்பர்தெர்மிக் (ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே அளவு சூடான மண்) என்று எழுதிவிடு.

சரி, எண்ணுவது எப்படி? ஈரம் பார்க்க வேண்டிய பகுதி களிமண்ணில் 10 முதல் 30 செ.மீ. சரல் நீர் பிடிக்காது என்பதால் உனக்கு அது ஏறத்தாழ 15 முதல் 50க்கு இறங்கும். டென்சியோமீட்டர் (மண் ஈரத்தின் இழுவையை அளக்கும் கருவி) வாங்கிப் பணத்தைக் கரைக்காதே. அது ஒரு பாருக்குள்ளேயே மூச்சு விட்டுவிடும், நமக்கு வேண்டியது 15 பார். ஜனவரி பிறந்ததும் வாரம் ஒரு முறை அந்த ஆழத்தில் மண் எடு, சலித்து, நுண்மண்ணை மட்டும் 105 டிகிரியில் உலர்த்தி எடை போடு. உன் 15 பார் எண்ணுக்குக் கீழே போன வாரங்களைக் கூட்டு. நடுவில் ஒரு கோடை மழை வந்து நனைத்தாலும் பரவாயில்லை, தொடர்ச்சியாக வேண்டும் என்பதில்லை, மொத்தம்தான் கணக்கு. பகுதியின் ஏதாவது ஓர் இடம் 90 நாள் உலர்ந்திருந்தால் உஸ்டிக். ஓர் ஆண்டு அளவு போதாது, அந்த ஆண்டு இயல்பானதா என்று பேச்சிப்பாறை மழைமானியின் நீண்டகாலக் கணக்கோடு ஒப்பிட்டு எழுது. மழைமானிக்கு உண்மையான வேலை அங்கேதான் வருகிறது.

களி 42இலிருந்து 39க்குத்தான் இறங்குகிறது, ஐந்தில் ஒரு பங்கு குறையவில்லை. ஆகவே காண்டிஉஸ்டல்ட் அல்லது காண்டியூடல்ட். குடும்பப் பெயரில் களி-சரல் வகுப்பு என்று போடு. கனிம வகுப்பைக் கயோலின் என்று ஊகத்தில் எழுதாதே, எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கு அனுப்பு.

ரப்பர்விளை எழுதியது:

நன்றி ஐயா. அலுமினியத்துக்கு நாளைக்கே மாதிரி கொடுக்கிறேன். ஜனவரி வரை கட்டுரையில் அந்த இடத்தைக் காலியாக விட வழிகாட்டியிடம் அனுமதி கேட்க வேண்டும். குழியை மூடாமல் வைக்கலாமா?

பழைய ஆகர் எழுதியது:

மூடிவிடு. திறந்த சுவர் காற்றில் உலர்ந்து பொய் சொல்லும். இரண்டு மீட்டர் தள்ளி, அதே சரிவில், ஆகரால் (மண் துளைக்கும் கைக்கருவியால்) எடு. பால் வெட்டுக்கு விடியற்காலையில் வருகிறவர்கள் காலை விடும் இடத்தில் திறந்த குழி வேண்டாம்.