480 கன அடியா, 40 கன அடியா? மூடாக்குக் கணக்கில் உதவி வேண்டும்

புதுப்பாத்தி: வணக்கம். காய்கறிப் பாத்தி 20 அடி நீளம், 8 அடி அகலம். 3 அங்குல உயரத்துக்கு, மண்ணை மூடும்படி மரச்சில்லு மூடாக்கு போட நினைக்கிறேன். 20 × 8 × 3 என்று பெருக்கினால் 480 வருகிறது. இணையத்தில் ஒரு கணிப்பான் 40 கன அடி என்கிறது. மூட்டையிலோ 50 லிட்டர் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. எத்தனை மூட்டை வாங்குவது?

நிழல்வலை: 40தான் சரி. நீளமும் அகலமும் அடியில் இருக்கின்றன, உயரம் மட்டும் அங்குலத்தில். அதனால் 480ஐ 12ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். ஆக 1,132 லிட்டர், அதாவது 23 மூட்டை. மீட்டரில் அளந்தால் இந்தத் தலைவலியே இல்லை: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு செ.மீ. உயரத்துக்கு 10 லிட்டர்.

சருகுக்கூடை: கொஞ்சம் பொறுங்கள், பாத்தியில் பழைய மூடாக்கு ஏதும் கிடக்கிறதா? இருந்தால் குறைகிற உயரத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். 3 அங்குலம் என்பதும் மரச்சில்லுக்குத்தான். மரத்தூளை அவ்வளவு கனமாகப் போட்டால் கெட்டியாகப் படிந்து தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாது, ஓர் அங்குலமே தாராளம். காய்ந்த இலை இதற்கு நேர்மாறு. புசுபுசுவென்று நிற்கும், நனைந்ததும் அமுங்கிவிடும், அதனால் கூடுதலாகவே போட வேண்டும். எடை போட்டு விற்கும் இடத்தில் இன்னும் கவனம். ஈரச் சில்லில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

புதுப்பாத்தி: பழைய சில்லு ஓர் அங்குலம் இருக்கிறது. அப்புறம், பக்கத்தில் ஒரு மரம். அதைச் சுற்றி 6 அடி விட்டத்தில் 3 அங்குலம் போட வேண்டும். அதற்கு?

நிழல்வலை: பாத்திக்கு இனி 2 அங்குலம் போதும்: 160 × 2 ÷ 12, சுமார் 26.7 கன அடி. வட்டத்துக்கு ஆரம் 3 அடி: 3.14 × 3 × 3, சுமார் 28.3 சதுர அடி. அதை 3ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 7.1 கன அடி. மொத்தம் 33.8 கன அடி, கிட்டத்தட்ட 957 லிட்டர்.

சருகுக்கூடை: 19 மூட்டையில், அதாவது 950 லிட்டரில், முடித்துவிடலாம். அடிமரத்தை ஒட்டிச் சில்லைக் குவிக்கக் கூடாது, பட்டை ஈரத்திலேயே இருந்து அழுகும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். குறைகிற 7 லிட்டர் அதிலேயே சரியாகிவிடும்.