முகப்பு இருக்கட்டும், முதலில் கூரை ஓடு

பெரியவர்களுக்கும் அண்ணன்மார், ஆச்சிமார் எல்லோருக்கும் யாங்கோனிலிருந்து வணக்கம்.

செட்டிநாட்டில் உள்ள நம் பூர்வீகப் பெரிய வீட்டின் முகப்புக்கு வண்ணம் பூசப் பணம் திரட்டலாம் என்று கோலாலம்பூர் அண்ணன் எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் சேரும் பணத்தில் ஒரு ரூபாய்கூட இப்போது முகப்புக்குப் போகக்கூடாது. முதலில் ஓடு மேய வேண்டும்.

பங்குனியில் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஊருக்குப் போனபோது, வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாங்கட்டின் வடமேற்கு மூலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். சரிந்த ஓடுகளுக்கிடையே வானம் தெரிந்தது. அதற்கு நேர் கீழே, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில், விரலால் அழுத்தினால் மரம் அமுங்குகிறது. பர்மாத் தேக்குதான், செல்லரிக்காது என்று நாம் பெருமை பேசும் அதே மரம்தான். சுவருக்குள் புதைந்த முனை ஆண்டுக்கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் எந்த மரம் தாங்கும்?

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலர விடுவார்களாம். பிறகு வெட்டிச் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, வெள்ளம் வந்ததும் தெப்பமாகக் கட்டி ஐராவதியில் விடுவார்கள். அப்படி ஈரம் போக்கி, ஆறும் கடலும் தாண்டி வந்த மரத்தைத்தான் நாம் மழையில் நனையவிட்டிருக்கிறோம். இனி அப்படியொரு உத்திரம் வேண்டுமென்றாலும் எளிதில் கிடைக்காது. 2014 ஏப்ரல் முதல் இந்நாட்டிலிருந்து மரத்தை அறுக்காமல் ஏற்றுமதி செய்யத் தடை வந்துவிட்டது.

நம்மவர்கள் வட்டிக்கடை வைத்திருந்த அந்த நாளைய மொகல் தெரு இன்று ஷ்வே பொந்தா தெரு. அதன் வழியே போகும்போதெல்லாம் அவர்கள் தொழில் செய்து தங்கிய கிட்டங்கிக் கூடத்தில் பணப்பெட்டியருகே பாய் விரித்துப் படுத்து, மூன்று மூன்று ஆண்டுகளாகக் கணக்கு முடித்த ஐயாக்களை நினைத்துக்கொள்கிறேன். ஒரு பாய் அகலத்தில் வாழ்ந்தவர்கள் ஊரில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளைக் கட்டினார்கள். அந்த வீடுகளில் முகப்பைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுதான். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, வறண்ட சீமையில் விழும் மழையை நடுமுற்றத்துக்குக் கொண்டுவந்துவிடும். அப்பத்தா அங்கே அண்டா வைத்துப் பிடித்த மழைநீரில்தான் பருப்பு வேகும். ஓடு சரிந்தால் அதே தண்ணீர் முற்றத்துக்கு வராமல் சுவருக்குள் இறங்குகிறது.

ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அறைகள் புள்ளிக்குப் புள்ளி, அதாவது குடும்பத்துக்குக் குடும்பம், பங்கானவை. ஆளுக்கொரு பூட்டு போட்டிருக்கிறோம். கூரை மட்டும் எல்லோருக்கும் பொது. பொது என்பதாலேயே நாற்பது பங்காளிகளில் ஒருவரும் அதைத் தொடவில்லை. அந்த நாற்பதில் நானும் ஒருவன். பக்கத்து ஊரில் இப்படித்தான் ஒரு வீடு ஒழுகத் தொடங்கி, பிறகு தூண் தூணாகப் பிரிந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போனது. நிலைக்கதவு இருந்த இடத்தில் வெறும் ஓட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. விரிசலில் சிமெண்ட் பூசலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நம் சுவர் சுண்ணாம்புச் சுவர். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் காரை பெயர்ந்து விழும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார், நாட்டு ஓடு மேயத் தெரிந்த ஆள், இந்த இருவரையும் ஊரிலிருக்கும் தம்பிமார் விசாரித்துச் சொல்ல வேண்டும். உடையாத பழைய ஓடுகளைக் கழுவித் திரும்பப் போடலாம்.

ஆடி கழிந்ததும் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். என் புள்ளிக்கு உரிய பங்கை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். உத்திரத்தைப் பார்க்க அந்த வடமேற்கு மூலை அறையையும் திறந்தாக வேண்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது?