இசட்114-இல் புது லினக்ஸ்: மாட்டிய இடத்தைப் பகிருங்கள்

கர்னல்காரன்:
ஐ.பி.எம்.-இன் பழைய மெயின்ஃப்ரேமான இசட்114-இல் எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ ஓடும் என்பதுதான் கேள்வி. என் மெஷின் இசட்114, ஒரு ஐ.எஃப்.எல். (லினக்ஸுக்கென ஒதுக்கிய ப்ராசஸர்). ரெட்ஹாட் 8 ஏற்றியதும் எச்.எம்.சி. (மெஷினை இயக்கும் கன்சோல்) மெசேஜ் சன்னலில் வந்தது இவ்வளவுதான்: இதைவிடப் புதிய ப்ராசஸர் தேவை, மெஷின் டைப் 2818, இல்லாத ஃபெசிலிட்டிகளின் (ப்ராசஸர் வசதிகளின்) எண்கள். அத்தோடு டிஸேபிள்டு வெயிட், அதாவது ப்ராசஸர் நின்றுவிட்டது. கர்னலை மட்டும் இசட்114-இன் தலைமுறையான இசட்196-க்குக் கம்பைல் செய்து மாற்றியதும் பூட் ஓடியது. இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டுக்கான தற்காலிக ஃபைல் சிஸ்டம்) விரிந்தது, இனிட் (முதல் ப்ராசஸ்) தொடங்கியது, அடுத்த வரியே கர்னல் பேனிக்: எக்ஸிட்கோடு 4. அந்த 4 என்றால் ப்ராசஸருக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்‌ஷன். ஜிலிப்சி, சிஸ்டம்டி போன்ற அடிப்படை மென்பொருள் எல்லாமே பின்னால் வந்த இசட்13-க்குக் கம்பைல் ஆனவை. கர்னலை மாற்றி என்ன பயன்? ரெட்ஹாட் 9-க்கு இசட்14, உபுண்டு 20.04-க்கு இசட்13 வேண்டும். டெபியன் 12-இன் அடித்தளம் இசட்196, அதனால் இசட்114-இல் ஓடும். ப்ராசஸர் விவரம் தரும் சிபியுஇன்ஃபோவின் ஃபீச்சர்ஸ் வரியில் ‘வி-எக்ஸ்’ (வெக்டர் வசதி) இல்லையென்றால் இசட்13 பைனரிகளைத் தொடவே வேண்டாம்.

பழையஇரும்பு:
டிஸ்ட்ரோ கேள்வி அப்புறம்தான் வரும். பாதி மலிவு மெஷின்கள் அதுவரை போவதே இல்லை. டேட்டா அழிக்கிறோம் என்று உள்ளே இருக்கும் இரண்டு சப்போர்ட் எலிமென்ட் (மெஷினைக் கட்டுப்படுத்தும்) லேப்டாப்களின் டிஸ்க்கையும் உருவிவிடுகிறார்கள். மெஷின் கோடு அதில்தான் இருக்கிறது. அது போனால் பவர்-ஆன் ரீசெட் கிடையாது, அதாவது மெஷினைக் கிளப்பவே முடியாது, மிஞ்சுவது இரும்பு எடைதான். ஐ.எஃப்.எல். உண்டா என்றும் கேளுங்கள். இசட்114-இன் ஏ01 அமைப்பில் சாதா ப்ராசஸர் வேகம் 26 மிப்ஸ்தான் (வேக அளவு), அதே சில்லு முழு வேகத்தில் 782. ஐ.எஃப்.எல். எப்போதும் முழு வேகம்.

நாரிழை:
இரண்டு பேருமே டிஸ்க்கை விட்டுவிட்டீர்கள். டாஸ்டி (மெயின்ஃப்ரேமுக்கே உரிய டிஸ்க்) பெட்டி வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஃபிகான் (மெயின்ஃப்ரேமின் ஃபைபர் இணைப்பு) கார்டின் சிப்பிட் (சேனல் எண்) வகையை ஐ.ஓ.சி.டி.எஸ்.-இல் (ஐ/ஓ அமைப்புக் கோப்பில்) எஃப்.சி.பி. என்று எழுதினால் சாதாரண ஃபைபர் சேனல் ஸ்டோரேஜே போதும். கேபிளை நேரடியாகச் செருகினால் ஸ்டோரேஜ் போர்ட் லூப் முறையில் இருக்கக் கூடாது; லினக்ஸின் இசட்எஃப்சிபி டிரைவருக்கு லூப் தெரியாது, பாயின்ட்-டு-பாயின்ட் ஆக்குங்கள். ஸ்விட்ச் வைத்தால் பழைய 8 கிகாபிட்டே நல்லது. 32 கிகாபிட் எஸ்.எஃப்.பி. (ஸ்விட்சில் செருகும் ஆப்டிக் மாட்யூல்) 8-க்குக் கீழே இறங்காது, ஃபிகான் எக்ஸ்பிரஸ்4 கார்டோ 4-க்கு மேல் ஏறாது. இரண்டையும் சேர்த்துவிட்டு லிங்க் வரவில்லை என்று கேபிளைக் குறை சொல்வார்கள். என்-பி-ஐ-வி (ஒரே போர்ட்டில் பல மெய்நிகர் போர்ட்) இல்லாவிட்டால் லன் (ஸ்டோரேஜில் உள்ள டிஸ்க்) தானாகத் தெரியாது. டிவைஸ் எண், டபிள்யூ-டபிள்யூ-பி-என் (ஸ்டோரேஜ் போர்ட்டின் முகவரி), லன் மூன்றையும் சிஎச்இசட்டெவ் கமாண்டில் கையால் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் சிஐஓ-இக்னோர் (கர்னல் கண்டுகொள்ளாத டிவைஸ்கள்) பட்டியலிலிருந்து அந்த டிவைஸ் எண்ணை எடுத்துவிடுங்கள். பாதிப் பேர் இதை மறந்துவிட்டு டிரைவரில் பழுது தேடுகிறார்கள்.

கர்னல்காரன்:
@நாரிழை, கேட்டது டிஸ்ட்ரோவைப் பற்றி. ஆனாலும் லூப் விஷயம் சரிதான்.

சோதனைப்பெட்டி:
வாங்கும் முன்பே க்யூஎமு எமுலேட்டரில் பார்த்துவிடலாம். சிபியு மாடல் ‘மேக்ஸ்’ வைத்து வி-எக்ஸை ஆஃப் செய்து டிஸ்ட்ரோவை ஓட்டுங்கள். அதே 4 வந்தால் இசட்114-இலும் அதேதான் வரும். லாகின் வந்துவிட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள்: இசட்13-இல் சேர்ந்த மற்ற இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் ‘மேக்ஸ்’-இல் அப்படியே இருக்கும்.