உதவி: கோவை போகும்போது மட்டும் ரேஞ்ச் குறைகிறது, பேட்டரி போய்விட்டதா?

காவிரிக்கரை:
எலக்ட்ரிக் எஸ்யூவி, வாங்கி ஒன்றரை வருடம். மாசியில் திருச்சியிலிருந்து கோவை போனபோது 100 கி.மீ.க்கு 16 யூனிட் ஆனது. இந்த ஆடியில் அதே 90 வேகம், அதே ஆட்கள், ஆனால் 21 யூனிட், காங்கேயத்தில் நிறுத்தி சார்ஜ் போட வேண்டியதாகிவிட்டது. திரும்பும்போது பார்த்தால் 13தான்! ஊருக்குள் ஓட்டினால் வித்தியாசமே இல்லை. சர்வீஸில் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்கள், நம்பலாமா?

சும்மா ஓட்டி:
கோவை மேடு அல்லவா, அதுதான்.

பழைய மெக்கானிக்:
மேடு மாசியிலும் இருந்ததே. 300 மீட்டர் சொச்சம் ஏற்றம், 1,800 கிலோ வண்டி, கணக்குப் போட்டால் பயணம் முழுவதற்கும் ஒன்றரை யூனிட்தான் கூடும். தம்பி, மாசிக்குப் பிறகு கூரையில் ஏதாவது மாட்டினீர்களா?

காவிரிக்கரை:
கேரியர் அண்ணே. சித்திரையில் பழனி போக மாட்டியது, கழற்றச் சோம்பல். ஆனால் காலியாகத்தான் போனது.

பழைய மெக்கானிக்:
காலியாக இருந்தாலும் காற்றுக்கு அது தடைதான். 90இல் போகும்போது உங்கள் மாதிரி வண்டியில் சக்கரத்துக்குப் போகும் சக்தியில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளவே செலவாகிறது. அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேரே முகத்தில் அடிக்கும், பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலை சும்மாவா நட்டிருக்கிறார்கள்? எதிர்காற்று 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு அது 110. தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது, 70 போல, அதனால்தான் 13. ஊருக்குள் 30இல் போனால் தடை ஒன்பதில் ஒரு பங்குதான், எங்கே தெரியப்போகிறது? பேட்டரியை விட்டுவிடுங்கள்.

சும்மா ஓட்டி:
அப்படியானால் பின்னால் ஒரு ஸ்பாய்லர் (காற்றைத் திருப்பும் சின்னப் பலகை) ஒட்டினால் சரியாகாதா?

பழைய மெக்கானிக்:
அழகுக்கு ஒட்டலாம். 1996இல் வந்த ஜிஎம் இவி1 எலக்ட்ரிக் காரின் காற்றுத் தடை எண் (குறையக் குறைய உருவம் காற்றை லேசாகக் கிழிக்கும்) 0.19, இப்போதைய மெர்சிடிஸ் இக்யூஎஸ் எலக்ட்ரிக் காருக்கு 0.20. குறுகும் வால், மூடிய அடிப்பாகம் என்று மொத்த உருவத்தையும் அதற்காகவே செதுக்கியிருக்கிறார்கள், கடையில் வாங்கி ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை. வண்டியோடு வந்த பிளாஸ்டிக் வீல் கவர் பரணில் கிடந்தால் மாட்டுங்கள், கொஞ்சம் உதவும். முதலில் கேரியர், அடுத்து வேகம்.

காவிரிக்கரை:
கழற்றிவிட்டு நேற்று 80இல் போனேன், காற்று அப்படியேதான் இருந்தது, 17.5 யூனிட்! ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன் அண்ணே, கொஞ்ச நாளாக மேலே விசில் சத்தம் ஒன்று வந்துகொண்டே இருந்தது, கண்ணாடி ரப்பர் போய்விட்டது என்று 2 தரம் மாற்றினேன். அதுவும் நின்றுவிட்டது.