முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்காகப் பேசப் போகிறோம்: எதைப் பார்ப்பது, யாரிடம் சொல்வது?

பாலக்கோடு மாலதி:
தருமபுரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை போகலாம் என்றிருக்கிறோம், மூன்று பேர். பழம் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு வர அல்ல. அங்கே இருப்பவர்களுக்கு ஒரு குறை என்றால் எடுத்துப் பேச. உள்ளே எதைக் கவனிப்பது? நிர்வாகத்தோடு முறைத்துக்கொண்டால் பெரியவர்கள்தானே அனுபவிப்பார்கள்?

அரூர் செந்தில்:
அக்கா, உங்கள் கடைசிக் கேள்விதான் முதலில் தீர வேண்டியது. பெரியவர் "சொல்லும்மா" என்றால் மட்டுமே குறை வெளியே போகணும். "இப்போ வேண்டாம்" என்றால் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்து அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள். பேர் தெரிய வேண்டாம் என்றால் "இந்த வரிசைக் கட்டிலில் யாருக்கும் தண்ணீர் கைக்கு எட்டவில்லை" என்று பொதுவாகச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காதீர்கள், 108.

எப்போதும் ஒரே நேரத்துக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டு நேரம். ஆயாவோ மேனேஜரோ பக்கத்தில் நிற்கும்போது குறை கேட்காதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்க ஆட்கள் இருந்தால் தெலுங்கோ கன்னடமோ தெரிந்த ஒருவர் வேண்டும். வலியைச் சொல்லத் தாய்மொழிதான் வரும்.

ஓசூர் கலா (நர்ஸ்):
படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் முதலில் போங்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம் மூன்றும் முக்கியம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்கணும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்களாகத் துணியை விலக்காதீர்கள். உடம்பு துடைக்கும்போது பெரியவரைக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

இரவுச் சாப்பாடு 6 மணி, காலை டிபன் 8 மணி என்றால் இடையில் 14 மணி நேரம். இன்சுலின் போடுபவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, பேச்சு குழறும். "வயசாச்சு, மூளை கலங்கிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். படுக்கும் முன் ஒரு தம்ளர் பாலோ கேழ்வரகுக் கூழோ கேட்டு வாங்கிக் கொடுங்கள். ராத்திரி எழுந்திருக்கக் கூடாது என்று சாயந்திரமே தண்ணீரை நிறுத்துவதும் நடக்கும். சிறுநீர்த் தொற்று வர அதுவே போதும்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. குடிப்பது ஒகேனக்கல் திட்டத்துக் குழாய்த் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா? தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், காய்ச்சினாலும் போகாது. பல வருஷம் அதைக் குடித்தவர்களுக்கு முதுகு விறைத்துப்போயிருக்கும், குத்துக்காலிட்டு உட்காரவே முடியாது. அவரை "அடம்பிடிக்கிறார்" என்று திட்டினால் விடாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டும் கைப்பிடிக் கம்பியும் கேளுங்கள்.

கிருஷ்ணகிரி சட்டத் தன்னார்வலர்:
குறையை முதலில் இல்லத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சரியாகாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலர், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு. போனில் என்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

பிள்ளைகள் கைவிட்டது தனி விஷயம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு போடலாம். நம் பக்கம் தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என நான்கு கோட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்க வழியுண்டு. தானாகப் போட முடியாதவருக்கு, அவர் அதிகாரம் கொடுத்தவர் போடலாம். வீட்டை எழுதிக் கொடுத்திருந்தால் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்ப வாங்குவது இழுபறிதான்.

பாலக்கோடு மாலதி:
ரொம்ப நன்றிங்க. பென்ஷன் ஏடிஎம் கார்டை எங்களையே வைத்துக்கொள்ளச் சொன்னால்?

கிருஷ்ணகிரி சட்டத் தன்னார்வலர்:
வாங்கவே வாங்காதீர்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் கைக்கு எவ்வளவு வந்தது என்று அவரே சொல்லட்டும். கைரேகை கேட்கும் தாளில் எழுதாத இடம் இருந்தால் குறுக்கே கோடு அடித்த பிறகே வைக்கச் சொல்லுங்கள். சொத்துப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து நீங்கள் யாரும் போடக் கூடாது.