முதுகெலும்பு நழுவலுக்கு எந்த ஃப்யூஷன்: பின்வழியா, முன்வழியா?

தண்டுவட அறுவை மருத்துவர்:

முதுகெலும்புக் கணு ஒன்று நழுவி, ஃப்யூஷனுக்கு (கணுக்களை ஒன்றாக ஒட்டவைக்கும் அறுவைக்கு) வருகிறவர்கள், “ஓபனா, கீஹோலா (சிறு துளை வழியாகவா)?” என்றே பலரும் கேட்கிறார்கள். அதற்கு முன் தெரியவேண்டியது, நழுவிய எலும்பு அசைகிறதா என்பது. எம்ஆர்ஐ படுக்கவைத்து எடுப்பது, அதில் நழுவல் குறைவாகத் தெரியலாம். நின்றபடி ஒன்று, குனிந்தும் நிமிர்ந்தும் இரண்டு என்று எக்ஸ்ரே எடுக்காமல் முடிவெடுக்கவே கூடாது.

நழுவல் (கீழுள்ள கணுவின் முன்பின் அகலத்தில்) 25 சதவீதத்துக்குள், அசைவு இல்லை, நடந்தால் கால் மரக்கிறது, இடுப்பு வலி சொற்பம் என்றால், நரம்பின் அழுத்தத்தை மட்டும் நீக்கினாலே பலருக்குப் போதும். தேய்மான நழுவலில் 2016-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஃப்யூஷன் பக்கம் சற்றே சாய்ந்தது. அதே ஆண்டின் ஸ்வீடன் ஆய்வு வித்தியாசமில்லை என்றது. 2021-ல் நார்வே ஆய்வும் அழுத்தம் நீக்குவது மட்டுமே சளைத்ததல்ல என்றது. பார்ஸ் எலும்பு (கணுவின் பின்புற மூட்டுகளை இணைக்கும் மெல்லிய பாலம்) விட்டுப்போய் எல்5 (கீழ்முதுகின் ஐந்தாம் கணு) நழுவிய இளவயதினருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஃப்யூஷன்தான் என்றால், பி-லிஃப் என்னும் பின்வழி முறையில் நரம்புப் பையை இருபுறமும் நடுவை நோக்கி இழுத்து, டிஸ்க் இருந்த இடத்தில் இரண்டு கேஜ் (சிறு கூண்டு) வைக்கிறோம். டி-லிஃப்பில் (இதுவும் பின்வழியே) கணுக்களைப் பின்புறம் இணைக்கும் ஃபேசட் மூட்டை ஒருபக்கம் மட்டும் எடுத்துவிட்டு ஓரமாக நுழைவதால் அந்த இழுப்பு குறைவு. எல்4-எல்5க்கு என் முதல் தேர்வு அதுவே. ஏ-லிஃப் முன்வழி, அதாவது வயிற்றுவழி. பெரிய கேஜ் வைக்கலாம், இடுப்பின் வளைவும் நன்றாகத் திரும்பும், எல்5-எஸ்1க்கு (எல்5க்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவிலுள்ள இடத்துக்கு) ஏற்றது. ஆனால் பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கவேண்டும். ஆண்களுக்கு விந்து பின்னோக்கிப் போகும் சிக்கலும் வரலாம். குழந்தை வேண்டும் என்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியாகவேண்டும். பக்கவழியில் சோவாஸ் தசையை (முதுகெலும்பின் ஓரத்திலிருந்து தொடைக்கு ஓடும் தசை) துளைத்துப் போனால் தொடை மரப்பு வரலாம், எல்5-எஸ்1க்கு இடுப்பெலும்பு மறிக்கும்.

கீஹோல் டி-லிஃப்பில் ரத்த இழப்பு குறைவு, எழுந்து நடப்பது சீக்கிரம், எக்ஸ்ரே கதிர்வீச்சு அதிகம். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் ஓபனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

அறுவை அரங்கு செவிலியர்:

வழி எதுவானாலும் எலும்பு கூடுவது (ஒட்டி ஒன்றாவது) டிஸ்க் இடத்தைச் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. டிஸ்க்கைச் செதுக்கும் ஷேவரைச் சிறிய அளவில் தொடங்கி ஒவ்வொரு மி.மீ.யாக ஏற்றுவார்கள். பிறகு கியூரெட் என்னும் சுரண்டு கருவியால் குருத்தெலும்பைச் சுரண்டுவார்கள். அடியில் எலும்பு சொரசொரப்பாகத் தட்டுப்பட்டு, ரத்தம் பொட்டுப்பொட்டாகக் கசியவேண்டும். குருத்தெலும்பு மிஞ்சினால் எலும்பு ஒட்டாது. கூடுதலாகச் சுரண்டி எலும்புத்தட்டு உடைந்தால் கேஜ் உள்ளே புதையும். இறுக்கமாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரிய கேஜைத் தட்டி இறக்கினாலும் அதே கதிதான்.

எடுத்த லேமினா (கணுவின் பின்தகடு), ஃபேசட் எலும்பைத் தூக்கி எறியக்கூடாது. சதை ஒட்டாமல் துடைத்து, பொடியாக நறுக்கி, முதலில் டிஸ்க்கின் முன்பகுதியில் நிரப்பி, அதன்பிறகே கேஜ். எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழந்து (அடர்த்திப் பரிசோதனையின் டி-ஸ்கோர் -2.5க்குக் கீழ்) இருந்தால் சிமெண்ட் செலுத்தும் துளையுள்ள ஸ்க்ரூவைத் தயாராக வைத்திருப்போம்.

பிசியோதெரபிஸ்ட்:

பெரும்பாலானோரை மறுநாளே நடக்க வைக்கிறோம். அதற்கு முன் கால் கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பது கட்டாயம். 50 சதவீதத்துக்கு மேல் நழுவியதை இழுத்து நேராக்கியவர்களிடம் எல்5 நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கக்கூடும். மலத்துவாரத்தைச் சுற்றி மரப்போ சிறுநீர் வராமல் அடைப்போ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடவேண்டும்.

புகைபிடிப்பவருக்கு எலும்பு கூடாமல் போவது அதிகம். நிக்கோட்டின் சூயிங்கமும் அறவே ஆபத்தில்லாதது அல்ல. ஆறு மாதத்துக்குப் பின் வலி திரும்பி, எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் (ஸ்க்ரூ தளர்ந்ததன் அறிகுறி) தெரிந்தால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், சி.டி. எடுத்து எலும்பு கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.