மறு: பிரேக் ‘வேக்கம்’ – வெற்றிடமா, உறிஞ்சலா, வேறு சொல்லா?

> ‘வெற்றிடம்’ பாடநூலிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாடநூலில் இருப்பது இயற்பியலின் வெற்றிடம், அது அப்படியே இருக்கட்டும். நாம் இந்தக் குழுவில் தேடுவது, கார் பிரேக்கைப் பற்றி மெக்கானிக் கடையில் ‘வேக்கம்’ (vacuum) என்று சொல்லப்படுவதற்கு ஒரு தமிழ்ச்சொல். இரண்டும் ஒன்றல்ல என்பதை என் பழைய கான்டெஸா காரை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் எஞ்சின். இன்னும் வேகம் வேண்டும் என்று, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றினேன். புது கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுதல். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது அது நல்லதுதான். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில், எரிந்த வாயு திரும்பி, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வந்துவிடுகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்று பாதரச அங்குலத்தில் காட்டும் கேஜில், முன்பு 18 அங்குலம் காட்டிய முள், 10-க்கும் 11-க்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது. காந்திபுரம் நெரிசலில் ஊர்ந்து போகையில் இரண்டு முறை மிதித்தால் சரி. மூன்றாவது மிதியில் பெடல் கட்டையாகிவிடும், உடம்பின் எடையைக் காலில் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் சொன்னது ஒரே வரி: “வேக்கம் பத்தலைங்க.”

இதை “வெற்றிடம் போதவில்லை” என்று எழுதிப் பாருங்கள். இடம் போதவில்லை என்றுதான் காதில் விழும். மேனிஃபோல்ட் வெறுமையாக இல்லவே இல்லை. அதில் காற்று இருக்கிறது, அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, அவ்வளவுதான். பெடலுக்கு உதவும் பூஸ்டருக்குள் ஒரு டயாஃப்ரம் (வளையும் சவ்வு) இருக்கிறது, மிதிக்காதபோது அதன் இரண்டு பக்கமும் அதே குறைந்த அழுத்தம்தான் நிற்கும். மிதித்ததும் பின்பக்க அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. காலடியில் கேட்கும் அந்த ‘ஸ்ஸ்’ அதுதான். நுழைந்த காற்று டயாஃப்ரத்தை முன்னே தள்ள, பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு நம் காலோடு இன்னொரு பலமும் சேர்கிறது.

ஆக, சொல் குறிக்க வேண்டியது ஒரு வேறுபாட்டை, ஏறி இறங்கும் ஓர் அளவை. கியரில் ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் முள் சட்டென மேலே போகும். அதனால் மலை இறக்கத்தில் எனக்குத் தொல்லையே இல்லை, சிக்னலில்தான் தொல்லை. உயரத்துக்கும் இதில் பங்குண்டு. ஆயிரம் அடி ஏறினால் கேஜில் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். கோவையில் 18 காட்டும் நல்ல எஞ்சின் ஊட்டியில் 12 பக்கம்தான் காட்டும். எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது, வெளியிலிருந்து தள்ளும் காற்றே அங்கு மெலிந்திருக்கிறது.

> ‘உறிஞ்சல்’ எல்லாருக்கும் புரியுமே?

புரியும். நானும் ஒரு வாரம் அதையே எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் வேலையைச் செய்வது தள்ளும் காற்று. உறிஞ்சல் என்றால் ஊட்டிக் கணக்கை விளக்கவே முடியாது. ‘இழுப்பு’ என்றால் “வண்டியில் இழுப்பில்லை” என்ற பேச்சோடு குழம்பும். ‘காற்றுக்குறை’ பொருளில் சரி, வாக்கியத்தில் இடறுகிறது: “காற்றுக்குறை குறைந்தது” என்றால் நல்லதா கெட்டதா?

விடை வானிலை அறிக்கையில் கிடைத்தது. “காற்றழுத்தத் தாழ்வு வலுவடைந்தது, வலுவிழந்தது” என்று புயல் காலம் முழுக்கக் கேட்கிறோம். பொருள் அதேதான், சுற்றியுள்ளதைவிடக் குறைந்த அழுத்தம். குறைவு கூடுவதையும் தணிவதையும் குழப்பமில்லாமல் சொல்லும் வினைச்சொற்களும் கூடவே வருகின்றன. ஆகவே என் முன்மொழிவு: தாழ்வழுத்தம். பேச்சில் சுருக்கமாகத் ‘தாழ்வு’. “ஐடிலிங்கில் 18 அங்குலத் தாழ்வு இருக்கிறது”, “கேம் மாற்றியபின் தாழ்வு வலுவிழந்தது.” அண்ணனின் வரியும் “தாழ்வு பத்தலைங்க” என்று நாக்கில் நிற்கிறது, அவரிடமே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இதிலிருந்து மற்றவையும் பிறக்கும். வேக்கம் டேங்க் தாழ்வுக்கலன், வேக்கம் பம்ப் தாழ்வு எக்கி. இவற்றைத் தனித்தனியே வைத்துக்கொள்வது முக்கியம். கலன் தாழ்வை உண்டாக்காது, ஒருவழி வால்வின் துணையோடு ஓரிரண்டு மிதிக்கானதைச் சேர்த்து வைக்கும். எக்கிதான் உண்டாக்கும். பெட்ரோல் எஞ்சின்போல் காற்றை மறிக்கும் த்ராட்டில் டீசலில் இல்லாததால் மேனிஃபோல்டில் போதிய தாழ்வு வராது. அதனால்தான் பல டீசல் வண்டிகளில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஓர் எக்கி உட்கார்ந்திருக்கும். நான் முதலில் கலன் மட்டும் வைத்தேன், நான்காவது மிதியில் பழைய கதைதான். மின்சார எக்கி வைத்தபிறகு, எஞ்சினை அணைத்துப் பெடலை ஐந்தாறு முறை மிதித்துக் கெட்டியாக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். பெடல் மெதுவாக ஒரு விரல் அளவு கீழே இறங்கியது.

பூஸ்டருக்கு இந்தக் குழுவில் ஐயா ஒருவர் சொன்ன ‘விசைகூட்டி’ எனக்கு முழுச் சம்மதம். கார் பிரேக்குக்கு ‘வெற்றிடத் தடை’ என்ற பெயர் மட்டும் வேண்டாம். அது பழைய ரயில்களின் வேக்கம் பிரேக்குக்கு வழங்கட்டும். ரயிலில் குழாய்க்குள் காற்று புகுந்து தாழ்வு போனால் பிரேக் தானே பிடிக்கும். காரில் தாழ்வு போனால் உதவி போய்விடும், பெடல் கெட்டியாகும். நேர்மாறாக வேலை செய்யும் இரண்டுக்கு ஒரே பெயர் வைத்தால் படிக்கிற பையன் தப்பாகத்தான் புரிந்துகொள்வான்.

அன்புடன்,
கோவையிலிருந்து